கிடங்கின் தரை

சென்னையிலிருந்து ஒரகடம் பக்கம் பிரயாணம் செய்கிறவர்கள், சாலையோரத்தில் ஜன்னலற்று நீண்டு கிடக்கும் சரக்குக் கிடங்குகளைக் கண்டு, வெறும் தகரக் கொட்டகைதானே என்று எண்ணிச் செல்வது சகஜம். ஆனால் சரக்குப் போக்குவரத்து நிறுவனமொன்று முன்கூட்டியே குத்தகை பேசி, தன் சௌகரியத்துக்கென்றே நிர்மாணிக்கச் செய்யும் கிடங்கில், கூரையைவிடத் தரைக்கே அதிக சிரத்தை செலுத்தப்படுகிறது.

அத்தரை சதுர மீட்டருக்குச் சுமார் 5 டன் பாரத்தைத் தாங்குவது மட்டும் போதாது. பத்து மீட்டர் உயர அடுக்குகளுக்கிடையே குறுகிய சந்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகையில், சக்கரத்தடியில் சில மில்லிமீட்டர் மேடுபள்ளம் இருந்தாலும் உச்சியில் ஏந்திய சரக்கு பன்மடங்கு ஆடுமாதலால், கான்கிரீட்டை லேசர் கருவியைக் கொண்டு சமப்படுத்துகிறார்கள். தூண்களின் ஸ்தானமும் அடுக்குகளின் அளவை அனுசரித்தே நிர்ணயமாகிறது. லாரித் தட்டுக்குச் சமமாகத் தரையைச் சுமார் 1.2 மீட்டர் உயர்த்துவதும், டயரா மருந்தா என்று சரக்கின் சுபாவமறிந்து தீயணைப்புக் குழாய்களை அமைப்பதும் அவ்வாறே.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்து, வரிக்காக மாநிலந்தோறும் சிறு கிடங்கு வைக்கும் அவசியம் குறைந்த பின், இத்தகைய பெருங்கிடங்குகளுக்குக் கிராக்கி மிகுந்தது. எனினும், ஒருவருக்கென்றே அளவெடுத்துக் கட்டியது மற்றொருவருக்குப் பொருந்தாமலும் போகலாம் (சொந்தக்காரரின் நியாயமான பயம் இது); ஆகவேதான், குறிப்பிட்ட வருஷங்களுக்குள் காலி செய்யலாகாது என்ற நிபந்தனையை, அஸ்திவாரம் தோண்டுமுன்பே அவர் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறார்.