பங்குனி உத்திரமும் கூரைத் தண்ணீரும்

ரயிலே இல்லாத சௌல்தாரியில், ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தண்ணீர்க் கணக்குப் பார்ப்பதுதான்!

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை அரிது. குன்றுகள் சரிவு, ஓடைகள் குறுகியவை. பெய்த நீர் விரைந்து கடலைச் சேர்கிறது. தனிகாரி அணை இறங்க இறங்க, நகரக் குழாயில் தண்ணீர் முறைவைத்து வரும்.

அந்த நேரத்தில்தான் பங்குனி உத்திரம். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வெற்றிமலை முருகன் கோயில் காவடியும் மேளமுமாகக் களைகட்டும். ஒரு வருடம் எங்கள் மோர் அண்டா நண்பகலுக்குள் காலி. காவடி எடுத்த பிள்ளைகள் நாவறண்டு நின்றது இன்னும் மனதை உறுத்துகிறது.

கணக்கு எளிது. 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஆண்டுக்கு 1,50,000 லிட்டர் விழுகிறது. நால்வர் குடிக்க, சமைக்க நாளுக்கு 40 லிட்டர். 120 நாளுக்கு 4,800. ஆக, 5,000 லிட்டர் தொட்டி போதும். முதல் மழையில் கூரை கழுவிய நீரை வெளியே விடுங்கள், பிறகு பிடித்து, கொசு புகாமல் மூடுங்கள், காய்ச்சிக் குடியுங்கள். டிசம்பர் முடிவில் தொட்டி நிறைந்திருக்கட்டும்.

பந்தலுக்கு வீட்டுக்கொரு குடம் கொடுத்தால், அடுத்த உத்திரத்தில் அண்டா வற்றாது.