கத்தரியும் பசையும் – 6: தானான திருமேனி

கண்ணாடியைக் கையில் கொடுத்து "உன்னையே வரை" என்றால், எட்டாம் வகுப்புப் பிள்ளை மூக்கிலேயே நின்றுவிடும். வரைவதும் அழிப்பதுமாகப் பீரியட் முடியும். "எனக்கு டிராயிங் வராது மிஸ்" என்று நோட்டை மூடிவிடும். வராதது சாயல்தான். தன்னைப் பற்றிச் சொல்ல அந்தப் பிள்ளையிடம் எவ்வளவோ இருக்கிறது.

1957இல் பார்வையை இழந்த பிறகு, சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி வண்ணத்தாளை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். விரல்தான் அவருக்குக் கண். "வராது" என்கிற பிள்ளைக்கு முதலில் அவரைக் காட்டுங்கள்.

ஒட்டுச்சித்திரத்தில் தன்னுருவம் செய்வது எப்படி என்று விளக்க, திருச்சிப் பிள்ளைகளுக்குக் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் போதும். ராமானுஜருக்கு மூன்று திருமேனிகள் என்பார்கள் வைணவர்கள். அவரைப் பிரிய மனமில்லாத அடியவர்களுக்காக மேல்கோட்டையில் அமைந்தது 'தமர் உகந்த திருமேனி'. பிறந்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில், அவரே தழுவி ஏற்றது 'தான் உகந்த திருமேனி'. ஸ்ரீரங்கத்தில் உடையவர் (ராமானுஜர்) சன்னிதியில் அமர்ந்திருப்பது 'தானான திருமேனி'. அது சிலையில்லை, அவர் உடலேதான் என்பது நம்பிக்கை. ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்துகிறார்கள்.

மற்றவர் விரும்பும் நான், நான் விரும்பும் நான், நானேயான நான். தன்னுருவப் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான பிரிப்பை நான் பார்த்ததில்லை.

முதல் இரண்டும் எளிது. வீட்டுப் பெயர், பட்டப்பெயர் எல்லாவற்றையும் செய்தித்தாள் எழுத்துகளை வெட்டி ஒட்டலாம். பிடித்த ஆட்டக்காரரையும் போக ஆசைப்படும் ஊரையும் அடுத்து ஒட்டலாம். மூன்றாவதற்குத்தான் ஒட்டுச்சித்திரமே வேண்டும். வரைந்த பஸ் வேறு, சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறியபோது கைக்குள் கசங்கிய டிக்கெட் வேறு. 1912இல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றினாரே, அப்போது நடந்ததும் இதுதான்: பொருளே படத்துக்குள் வந்துவிட்டது. பொன்மலைப் பணிமனைக்குப் போகும் அப்பாவின் பழைய சட்டைத்துண்டு, பூ கட்டும் அம்மாவின் மடியில் கிடந்த வாழைநார் – இவற்றைப் பென்சிலால் கொண்டுவர முடியாது.

முகத்தின் நிறத்தில் கவனம் வேண்டும். கிரேயான் பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று பிள்ளைகள் எடுப்பது ஒரு வெளிறிய ரோஜா நிறம். விளம்பரங்களில் வெட்டக் கிடைப்பதும் பெரும்பாலும் சிவத்த முகங்களே. இது எனக்கு ஆறாத வருத்தம். நோட்டுக்கு அட்டை போட்டு மிஞ்சிய பிரவுன் ஷீட்டைக் கொடுங்கள். கன்னத்தருகே வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒட்டிய ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்காதீர்கள். வீட்டைப் பற்றி எதையுமே ஒட்டாத பிள்ளை இருக்கும். ஒட்டியதன்மேல் இன்னொரு தாளைக் கதவுபோல் வைத்து மூடும் பிள்ளையும் இருக்கும். ஆண்டு விழாக் கண்காட்சியில் மாட்டும்போதும் அந்தக் கதவைத் திறக்காதீர்கள்.

(தொடரும்)