சலூன் காற்றில் ஃபார்மலின்

மூக்கில் ரத்தம் வருகிறது, கண் எரிகிறது, மூச்சு விட முடியவில்லை. 2010-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து சலூன் ஊழியர்கள் சொன்ன புகார் இது. அவர்கள் கையாண்டது 'பிரேசிலியன் ப்ளோஅவுட்' என்ற முடி நீட்டும் திரவம். புட்டியின் மேல் 'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று அச்சிட்டிருந்தது. ஓரிகன் மாநிலத்தின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை சலூன்களிலிருந்து மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அந்தத் திரவத்தில் சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் ஃபார்மால்டிஹைடு இருந்தது.

பள்ளி விலங்கியல் ஆய்வகத்தில் தவளையையும் பாம்பையும் கெடாமல் வைத்திருக்கும் ஃபார்மலின் நமக்குத் தெரியும். அது தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடு வாயுதான். கரைந்தவுடன் அதில் பெரும்பகுதி தண்ணீரோடு சேர்ந்து மெத்திலீன் கிளைகால் என்ற பொருளாகிவிடும். பெயர் மாறிவிட்டதே, இனி எங்கள் புட்டியில் ஃபார்மால்டிஹைடு ஏது என்பது தயாரிப்பாளர்களின் வாதம். சலூனில் நடப்பதைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. திரவத்தைத் தலையில் தடவி, டிரையரால் உலர்த்தி, பிறகு முடியைச் சின்னச் சின்னப் பிரிவாகப் பிரித்து, 230 டிகிரி செல்சியஸ் வரை சூடான இரும்புத் தகடுகளுக்கிடையே வைத்து இழுக்கிறார்கள். ஒரே பிரிவை நாலைந்து முறை. அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிறது. மெத்திலீன் கிளைகால் உடைந்து மறுபடியும் வாயுவாகிறது. அந்த வாயுவில் ஒரு பங்கு, முடியின் கெரட்டின் புரத இழைகளைப் பக்கத்துப் பக்கமாகப் பிணைத்து, நீட்டிய வாக்கிலேயே நிறுத்துகிறது. முடி மாதக்கணக்கில் நேராக நிற்பதற்கு அந்தப் பிணைப்புதான் காரணம். மிச்சம் புகையாக மேலே எழும்புகிறது. அங்கே ஸ்டைலிஸ்டின் முகம் இருக்கிறது.

இதுபோன்ற ரசாயனங்களை விட்டுச் சலூன்கள் மென்மையான பொருள்களுக்கு மாறுவதை வாடிக்கையாளரின் ரசனை மாற்றமாகவே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. வாடிக்கையாளர் ஆண்டுக்குச் சில முறை வருகிறார், போகிறார். ஸ்டைலிஸ்ட் அந்தக் காற்றில்தான் நாள் முழுக்க நிற்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-லேயே அறிவித்துவிட்டது. அதற்கு முன்பே அதே முகமை, முடிதிருத்துவோர் தம் வேலையில் தினமும் எதிர்கொள்ளும் ரசாயனச் சூழலையே 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் சேர்த்தது. ஒரு தொழிலையே அந்தப் பட்டியலில் வைப்பது சாதாரண விஷயமல்ல.

சட்டத்தின் கை நீண்டது கலிபோர்னியாவில். பிரேசிலியன் ப்ளோஅவுட் நிறுவனத்தின் மீது அந்த மாநில அரசு 2010 நவம்பரில் தொடுத்த வழக்கு, 2012 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்ட வேண்டும். ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவரும் என்று எச்சரிக்க வேண்டும். 'இல்லாதது' என்ற விளம்பரத்தை நிறுத்த வேண்டும். மாநிலத்தின் 2005-ஆம் ஆண்டு அழகுசாதனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்த முதல் நடவடிக்கை இதுதான். சமரசத்தை அறிவித்த அட்டர்னி ஜெனரல் கமலா ஹாரிஸ். அவருடைய தாய், சென்னையில் பிறந்த ஷ்யாமளா கோபாலன், அதே கலிபோர்னியாவின் பெர்க்லியில் மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன்களின் பங்கை ஆராய்ந்த விஞ்ஞானி. தற்செயல்தான் என்றாலும், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆனால் பொருளுக்குத் தடை வரவில்லை. விற்பனை தொடர்ந்தது. இன்னொரு ஓட்டையும் இருந்தது. கடையில் நாம் வாங்கும் ஷாம்பு புட்டியில் உட்பொருள்களை அச்சிடுவது அமெரிக்காவில் பல காலமாகக் கட்டாயம். சலூன்களுக்கென்றே விற்ற புட்டிகளுக்கு அந்தக் கட்டாயம் அப்போது இல்லை. நாள் முழுக்க அதைக் கையாண்ட ஊழியருக்கு அதில் என்ன இருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் இருந்தது! இதை மாற்றும் மசோதாவைக் கொண்டுவந்தவர் சான் ஹோசேயைச் சேர்ந்த ஆஷ் கல்ரா, கலிபோர்னியா சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் இந்திய வம்சாவளியினர். 2018-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே 2020-இல் கையெழுத்தான வேறொரு சட்டம், ஃபார்மால்டிஹைடு, மெத்திலீன் கிளைகால், பாதரசம் உள்ளிட்ட 24 பொருள்களை 2025 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் விற்கும் அழகுசாதனங்களிலிருந்து விலக்கியது. கலிபோர்னியாவுக்கு ஒரு கலவை, டெக்சாஸுக்கு வேறொரு கலவை என்று தயாரிப்பது நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆகவே நியூஜெர்சியின் எடிசனிலும் டெக்சாஸின் டாலஸிலும் சலூன் அலமாரிகள் மாறுவதில் இந்தச் சட்டங்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

வாடிக்கையாளர்களை உலுக்கியது 2022 அக்டோபரில் வெளியான ஆய்வு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் விஞ்ஞானிகள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கண்காணித்தார்கள். முடி நீட்டும் பொருளைத் தொடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபித்துவிடவில்லை. எந்தப் பொருள் காரணம் என்றும் அது சொல்லவில்லை. அப்படியிருந்தும் இரண்டரை மடங்கு வித்தியாசத்தை யாரும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

இனி, புதிய புட்டிகளில் ஒட்டியிருக்கும் 'க்ளீன்' என்ற சொல்லுக்கு வருவோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதிகளில் அந்தச் சொல்லுக்கு வரையறை இல்லை. யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஃபார்மால்டிஹைடை எடுத்த இடத்தில் பல நிறுவனங்கள் கிளையாக்ஸிலிக் அமிலத்தை வைத்தன. டுனீசியாவின் ஒரு சலூனில் அப்படிப்பட்ட க்ரீமால் மூன்று முறை முடி நீட்டிக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர்கள் அந்த க்ரீமை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது, சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் சேர்ந்தன. 2024 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இது வெளியானது. ஷாம்புகளிலும் இதே கதைதான். பாரபென் என்ற பதப்படுத்தும் பொருள் கூடாது என்று அதை நீக்கி, மெத்திலைசோதியசோலினோன் என்ற மற்றொன்றைச் சேர்த்தார்கள். அதனால் தோல் அரிப்பு பெருகி, அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் 2013-இல் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. ஆகவே முன்பக்கத்தில் 'இல்லை' என்று எழுதியதை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் 'உண்டு' என்று எழுதியதைப் படிக்கும் சலூன்காரரைத்தான் நான் நம்புவேன்.

நம் வீட்டு மருதாணியும் இந்தப் பேச்சுக்குள் வரும். மருதாணி இலையிலுள்ள லாசோன் முடியின் கெரட்டினோடு ஒட்டிக்கொண்டு செம்மையும் பழுப்பும் தரும்; அதற்குமேல் அதனால் முடியாது. இந்தியக் கடைகளில் 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பொடி சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று பிடிக்கிறதென்றால், பாராஃபினிலின்டைஅமைன் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சுருக்கமாகப் பி.பி.டி. பெரும்பாலான நிரந்தர ஹேர் டைகளிலும் இருப்பது இதுதான். சிலருக்கு முகம் வீங்கி, கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. சிறு வயதில் கல்யாண வீட்டில் கருப்பு மருதாணி வைத்துக் கை கொப்பளித்தவர்கள், பின்னாளில் டை போடும்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லும் சலூனை 'ரொம்பக் கெடுபிடி' என்று நினைக்காதீர்கள். அம்மோனியா இல்லாத டை என்றால் வாடை குறைவு என்றுதான் அர்த்தம், அதிலும் பி.பி.டி. இருக்கலாம்.

அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி, எட்டு மணி நேர வேலையில் காற்றில் சராசரியாகப் பத்து லட்சத்தில் 0.75 பங்குக்குமேல் ஃபார்மால்டிஹைடு இருக்கக்கூடாது என்கிறது. அந்த விதி காப்பது சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரை. அமெரிக்க சலூன்களில் ஏராளமானோர் ஒரு நாற்காலிக்கு வாடகை கொடுத்துத் தனியாகத் தொழில் செய்கிறார்கள். சுயதொழில் செய்பவர்கள் என்பதால் அந்த விதிக்குள் அவர்கள் வருவதில்லை. நாடு முழுவதும் முடி நீட்டும் பொருள்களில் ஃபார்மால்டிஹைடைத் தடைசெய்யும் வரைவு விதியை உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஏப்ரலில் வெளியிடுவதாக இருந்தது. அந்த மாதம் கடந்தும் வெளியிடவில்லை. டெக்சாஸிலோ நியூஜெர்சியிலோ நாற்காலி வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு பெண், எந்தப் புட்டியை வாங்குவது என்று தானே முடிவு செய்கிறாள். அந்தப் புகையை மூச்சில் இழுக்கப்போவதும் அவள்தான்.