சிறுவணிகமும் கணிப்பொறிப் பராமரிப்பும்: அயலாரிடம் ஒப்படைத்தல் பற்றி ஒரு விளக்கம்

அக்காள்மடத்திலிருந்து கடலுக்குச் செல்லும் படகுக்காரர் எவரும் தமக்கு வேண்டிய பனிக்கட்டியைத் தாமே உறைய வைப்பதில்லை. அதற்கு ஐஸ் தொழிற்சாலை இருக்கிறது. எஞ்சின் பழுதுற்றால் மெக்கானிக்கை அழைப்பார். படகின் பலகை பிளந்தால் தச்சரைத் தேடுவார். தம் தொழில் மீன்பிடித்தல் என்றும், ஏனையவை அதற்குத் துணை என்றும் அவர் தெளிவாக அறிவார். துணைத்தொழிலை அதில் தேர்ந்த அயலாரிடம் கூலிக்கு ஒப்படைக்கும் இவ்வழக்கத்தைத்தான் வணிக உலகம் அவுட்சோர்சிங் என்று வழங்குகிறது. இக்கட்டுரையில் நாம் அதனை ‘அயற்பணி’ என்றே குறிப்போம். இதனினும் பொருத்தமான சொல்லைத் தமிழன்பர்கள் கண்டு தருவாராயின் மகிழ்வோம்.

பனிக்கட்டிக்கும் எஞ்சினுக்கும் பொருந்துகின்ற இம்முறை, கடையின் கணிப்பொறிக்கும் பொருந்துமா என்பதே நம் வினா. பொருந்தும், ஆனால் முழுவதும் பொருந்தாது. அந்த வேறுபாட்டில்தான் ஆபத்தும் இருக்கிறது.

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடைப்பட்ட இச்சிற்றூரை ஒட்டிய பகுதியில், ஒரு நண்டுக் கம்பெனியையோ, மருந்துக்கடையையோ, யாத்திரிகர் தங்கும் விடுதியையோ எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று கணிப்பொறிகள், ஓர் அச்சுப்பொறி, இணைய இணைப்புக்கான ரூட்டர், மின்சாரம் நின்றால் தாங்கும் யு.பி.எஸ்., கணக்கெழுதும் மென்பொருள், கண்காணிப்புக் கேமரா, இவை அனைத்திலும் சேர்ந்த தரவுகள் ஆகியவையே அந்நிறுவனத்தின் கணினிக் கட்டமைப்பு. இருபத்தைந்து ஆண்டுகட்கு முன்பு இவை இல்லாமலும் வணிகம் நடந்தது. இன்று நடவாது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், பதிவு பெற்ற வணிகர் கணக்கை இணையவழியே அளிக்க வேண்டியவரானார். அக்கணக்கேடுகளை ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காத்து வைத்தல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கடலுணவு இறக்குமதிக்குப் பிடிப்புச் சான்றிதழ் கேட்கிறது. எனவே மீன் எந்தப் படகில் பிடிபட்டது என்ற விவரமும் சரக்கோடு பயணம் செய்கிறது.

72 மாதங்கள் என்றால் ஆறு ஆண்டுகள். உப்புக்காற்று வீசும் கடற்கரையில் கணிப்பொறி ஒன்று ஆறு ஆண்டுகள் நோயின்றி வாழ்வது அரிது. காற்றிலுள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து மின்சுற்றுப் பலகையில் படிகிறது. செப்புத் தொடர்புகள் பச்சை பூக்கின்றன. விசிறி துருவேறி நின்று போகிறது. மின்னழுத்த ஏற்றத்தாழ்வு எஞ்சியதைக் கவனித்துக்கொள்கிறது. கருவி போனால் வேறு வாங்கலாம். அதனுள் இருந்த ஆறாண்டுக் கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?

இதற்கு நம் ஊர்களில் நெடுநாளாக வழங்கிவரும் தீர்வு ‘தெரிந்த பையன்’. கணிப்பொறி படித்த உறவுக்காரப் பிள்ளை ஒருவன் மாலையில் வந்து பழுது நீக்கித் தருவான். அவன் திறமையில் குறை சொல்ல நாம் துணியோம். ஆனால் ஒருநாள் விசா வந்துவிடும். அவன் வளைகுடாவுக்கு விமானம் ஏறுவான். கடையின் கடவுச்சொற்களும் அவனோடு விமானம் ஏறும். நிர்வாகக் கணக்கு யார் பெயரில் உள்ளது, மென்பொருளின் உரிமம் எப்போது முடிகிறது என்பவை உரிமையாளருக்குத் தெரியா.

பெரு நிறுவனங்கள் இச்சிக்கலுக்கு வேறு வழி கண்டன. புகைப்படத் தொழிலில் பெயர்பெற்ற அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம், 1989ஆம் ஆண்டில் தன் கணிப்பொறி மையத்தை நடத்தும் பொறுப்பை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அத்துணைப் பெரிய நிறுவனம் அவ்வாறு செய்தது வணிக உலகை வியப்பில் ஆழ்த்தியது. பின்னர் அதுவே வழக்கமாயிற்று. அவ்வழக்கம் வளர்ந்ததில் தமிழர்க்கும் பங்குண்டு. திருச்செந்தூர் வட்டாரத்தில் பிறந்த சிவ நாடார் 1976இல் நண்பர்களோடு தொடங்கிய எச்.சி.எல்., உலகெங்குமுள்ள நிறுவனங்களின் கணினிக் கட்டமைப்பைத் தொலைவிலிருந்தே பராமரிக்கும் பணியில் முன்னணிக்கு வந்தது. 1996இல் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் சோஹோ எனப் பெயர் மாற்றிய நிறுவனம், வலையமைப்பை மேலாளும் மென்பொருள் எழுதியே தலையெடுத்தது. அதன் அலுவலகம் ஒன்று 2011 முதல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இயங்கி வருகிறது. இத்தொழிலுக்குச் சென்னைதான் செல்ல வேண்டும் என்பதில்லை என மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பணி நடைபெறும் விதம் எளியது. ஒப்பந்தம் செய்த நிறுவனம், கடையின் ஒவ்வொரு கணிப்பொறியிலும் ஏஜென்ட் எனப்படும் சிறு மென்பொருளை நிறுவுகிறது. வட்டு நிரம்புகிறதா, வைரஸ் தடுப்பு இயங்குகிறதா, மென்பொருளின் குறைநீக்கத் திருத்தங்கள் சேர்ந்தனவா, நேற்றிரவு காப்புப்படி எடுக்கப்பட்டதா என்பனவற்றை அது ஓயாமல் மையத்திற்குத் தெரிவிக்கிறது. மதுரையிலோ கோவையிலோ அமர்ந்திருக்கும் ஊழியர் ஒருவர் அக்காள்மடத்துக் கணிப்பொறியைத் தம் திரையில் திறந்து சரிசெய்துவிடுவார். பாம்பன் பாலத்தைக் கடந்து ஆள் வரவேண்டியது கருவியே கெட்டால் மட்டும்தான். கட்டணம் பெரும்பாலும் கணிப்பொறி ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்ற முறையில் அமையும். ஒரு முழுநேர ஊழியரை அமர்த்த இயலாத கடைக்கு இது உண்மையான நன்மை.

ஒப்பந்தத்தில் காணப்படும் ஓர் எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். “சேவை 99 விழுக்காடு தடையின்றி இருக்கும்” என்று எழுதியிருப்பார்கள். தேர்வில் 99 வாங்கிய பிள்ளையைப் போல அது நம்மை மகிழ்விக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டின் 8,760 மணி நேரத்தில் ஒரு விழுக்காடு 87 மணி 36 நிமிடம். அதாவது மூன்றரை நாளுக்கு மேல். 99.9 விழுக்காடு என்றால் ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம். அந்த மூன்றரை நாள், படகுகள் நிறைய மீனோடு கரை திரும்பும் நாட்களில் வந்தால் என்னாகும்? ஆகவே விழுக்காட்டைவிட, அழைத்தால் எத்தனை மணிக்குள் பதில், எத்தனை மணிக்குள் சீர்செய்தல், தவறினால் கட்டணத்தில் எவ்வளவு கழிவு என்பவற்றைக் கேட்டு எழுதி வாங்குதலே சிறப்பு.

இனி ஆபத்தைப் பார்ப்போம். ஐஸ் தொழிற்சாலை நின்றால் பாம்பனிலோ மண்டபத்திலோ வேறு ஐஸ் வாங்கலாம். கணினிப் பராமரிப்பாளரிடம் இருப்பதோ நம் வீட்டுச் சாவி. அதனோடு நூறு வீட்டுச் சாவிகளும் அவரிடமே உள்ளன. திருடன் அவர் ஒருவரை வென்றால் போதும். 2021 ஜூலை 2 அன்று இது நிகழ்ந்தது. பராமரிப்பு நிறுவனங்கள் பயன்படுத்திய கசேயா என்னும் மென்பொருளின் ஓட்டை வழியே, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கும்பல் நுழைந்தது. நேரடியாகத் தாக்குண்டவை அறுபதுக்கும் குறைவான நிறுவனங்களே. அவற்றை நம்பியிருந்த 1,500 வரையிலான சிறுவணிகங்கள் ஒருங்கே முடங்கின. சுவீடனில் கூப் என்ற அங்காடி நிறுவனம், பணம் வாங்கும் பொறி இயங்காமையால் ஏறத்தாழ 800 கடைகளை மூடியது. அக்கடைகள் எதிலும் எவரும் பிழை செய்யவில்லை.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை அளித்துவந்த சி-எட்ஜ் டெக்னாலஜீஸ், 2024 ஜூலை இறுதியில் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தீ பரவாதிருக்க, ஜூலை 31 அன்று தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அதனைத் தன் வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. அதைச் சார்ந்திருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணப்பரிமாற்றம் செய்ய இயலாது தவித்தனர். மறுநாள் இணைப்பு மீண்டது. துண்டித்தது சரியான முடிவே என்பது நம் கருத்து. எனினும் தன் வங்கி எந்த நிறுவனத்தைச் சார்ந்திருக்கிறது என்று அன்றுவரை அறியாத ஒரு விவசாயிக்கு அது எங்ஙனம் விளங்கும்?

வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்பதில் சட்டம் தெளிவாக உள்ளது. ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட தகவல்தொழில்நுட்ப அயற்பணி நெறிமுறை, தனக்கு உட்பட்ட நிறுவனங்கள் பணியை வெளியே தருவதால் அவற்றின் கடமை குறையாது என்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளரின் விவரத்தைப் பெற்றவரே அதற்குப் பொறுப்பாளி என்றும், அவர் சார்பில் வேறொருவர் அதைக் கையாண்டாலும் அப்பொறுப்பு நீங்காது என்றும் விதிக்கிறது. விடுதியில் தங்கியவரின் அடையாள அட்டைப் படியும், மருந்துக்கடையில் உள்ள நோயாளியின் சீட்டும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. நம் பெரியவர்கள் ‘அமானிதம்’ என்று வழங்கும் சொல் இதற்கு இயல்பாகப் பொருந்துகிறது.

ஆதலின் ஒப்படைக்கும்போதே சிலவற்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இணைய முகவரியும் மென்பொருள் உரிமங்களும் உரிமையாளர் பெயரில் இருத்தல் வேண்டும். தலைமைக் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் அவரது பெட்டகத்தில் இருக்கட்டும். ஒப்பந்தம் முறிந்தால் எத்தனை நாளுக்குள், எந்த வடிவில் தரவைத் திருப்பித் தருவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். தாக்குதல் நிகழ்ந்தால் ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று நடுவண் அரசின் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரலில் ஆணையிட்டுள்ளமையால், யார் தெரிவிப்பது என்பதையும் முன்னரே முடிவு செய்தல் நலம்.

காப்புப்படி மூன்று இருக்க வேண்டும், இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் போற்றும் விதி. இத்தீவில் ‘வேறிடம்’ என்பதற்குப் பொருளே வேறு. 1964 டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு பாம்பன் இரயில் பாலத்தையும் சிதைத்தது. தங்கச்சிமடத்தில் வைத்த படி வேறிடத்துப் படி ஆகாது. அப்படி தீவைக் கடந்து, மதுரைக்கும் அப்பால் இருப்பது நல்லது.

காப்புப்படி இருக்கிறது என்று சொன்னால் போதாது; அதிலிருந்து கணக்கை மீட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். இதற்கு உகந்த காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமே. விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் அந்த 61 நாட்களில் ஏதேனும் ஒருநாள், கடையின் கணிப்பொறியை அணைத்துவிட்டு, வேறொரு கணிப்பொறியில் சென்ற ஆண்டின் விற்பனைக் கணக்கைத் திறந்து காட்டுமாறு பராமரிப்பாளரைக் கேட்கலாம். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து, அத்தாளை ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தைத்து வைக்கலாம்.