மழையும் ஒளிப்படமும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடலூர்ப் பெருவெளியில் நின்று நோக்குவார்க்கு மழை வரும் வழி நன்கு தெரியும். கீழ்த்திசையில், கடலூர்ப் பக்கத்தில், கருமுகில் திரளும். குளிர்ந்த காற்று வீசும். சிறிது பொழுதில் தொலைவிலுள்ள மரங்கள் மங்கும். பின்னர்ச் சத்திய ஞான சபையும் மழைக்குள் மறைந்துவிடும். இக்காட்சியைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும் இதனைப் படமாக எடுத்தல் எளிதன்று.

என் பெயரன் ஒருகால் இம்மழையைக் கைப்பேசியிற் படம் எடுத்து வந்து காட்டினான். கொட்டித் தீர்த்த பெருமழை அது. படத்திலோ வெளுத்த வானமும் நனைந்த தரையும் இருந்தனவேயன்றி மழைத்துளி ஒன்றேனும் இல்லை. “தாத்தா, மழை எங்கே போயிற்று?” என்று வினவினான்.

மழைத்துளிக்கு நிறம் இல்லை. தன்மேற் படும் ஒளியை வளைத்து நம் கண்ணுக்கு அனுப்புவதே அதன் இயல்பு. வெண்மையான வானத்தின் முன்னே வெண்மையாக ஒளிரும் துளி எவ்வாறு வேறாகத் தோன்றும்? அதுவே கரிய பொருளொன்றின் முன் வீழுமாயின் வெள்ளிக் கம்பி போல விளங்கும். ஆதலின் மழையைப் படம் எடுக்க விரும்புவோன் வானத்தை நோக்குதல் கூடாது. அடர்ந்த புளியமரம், நனைந்து கறுத்த மதில், திறந்த கதவின் உள்ளிருள் ஆகியவற்றுள் ஒன்று துளிகளுக்குப் பின்னே இருக்குமாறு நிற்றல் வேண்டும்.

கார் என்னும் சொல்லும் கருமையைக் குறிப்பதே. முகிலையும் மழையையும் மழைப் பருவத்தையும் நம் முன்னோர் அச்சொல்லாலேயே வழங்கினர். நூல் முறைப்படி ஆவணியும் புரட்டாசியுமே கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். எனினும் வடலூர்ப் பகுதியில் பெருமழை பெய்வது கூதிரில்தான்.

இனித் துளியின் விரைவை நோக்குவோம். பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் விரைவில் வீழ்கின்றது. காமிராவினுள் ஷட்டர் என்னும் திரை ஒன்று உண்டு. தைப்பூசத்தன்று ஞான சபையில் ஏழு திரைகள் நீங்கச் சோதி காண்பதை அறிவீர்கள். இங்கு உள்ளது ஒரு திரையே. அதுவும் இமைப்பொழுதில் திறந்து மூடிவிடும். அது நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் துளி 30 சென்டிமீட்டர் வீழ்ந்துவிடும். படத்தில் நீண்ட கோடாகத் தோன்றும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தால் 9 மில்லிமீட்டர்தான் வீழும். துளி ஏறக்குறையத் துளியாகவே நிற்கும். பெருமழையின் தன்மையைக் காட்டக் கோடே ஏற்றது என்பது என் கருத்து. நாம் கண்ணாற் காண்பதும் கோட்டையன்றோ! அறுபதில் ஒரு பங்கு நேரம் வைத்து, காமிரா அசையாதபடி தூணில் சாய்ந்து நின்று எடுத்தல் நன்று. பெயரன் மறுநாள் அவ்வாறே தாழ்வாரத்தில் நின்று, எதிரே இருந்த புளியமரத்தின் முன் பெய்த மழையை எடுத்தான். மழை அகப்பட்டது.

காற்றின் திசையும் அறிதற்குரியது. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இப்பருவத்தில் வீசுவன பெரும்பாலும் இவையே. ஞான சபையோ தெற்கு நோக்கியது. அதன் முகப்பை எடுக்க வேண்டுமாயின் வடக்கு நோக்கி நிற்றல் வேண்டும். அப்போது சாரல் நேரே காமிராவின் கண்ணாடியில் அடிக்கும். ஆகவே மழை விட்டபின் எடுத்தலே தக்கது. அந்நாள்களில் கதிரவன் தென்பால் சாய்ந்து செல்வதால் முகிலிடையே வெளிப்படும் ஒளி முகப்பில் படும். தரையில் தேங்கிய நீரில் எண்கோணச் சபையின் நிழலும் தோன்றும். மழைக்காலப் படங்களுள் இதற்கு ஈடானது இல்லை.

காமிராவை ஒரு பிளாஸ்டிக் பையினுள் இட்டு, கண்ணாடிக்கு மட்டும் துளை செய்து, ரப்பர் வளையத்தால் கட்டிக்கொள்க. வீடு திரும்பியதும் ஈரத்தைத் துடைத்து, காற்றாட வைத்தல் வேண்டும். ஈரத்தோடு பைக்குள் மூடிவைத்தால் கண்ணாடியில் பூஞ்சை படரும். காமிரா கெட்டால் வேறு வாங்கலாம், உயிர் அத்தகையதன்று. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்கும் குறைவாக இருப்பின் மின்னல் அண்மையில் உள்ளது என்று அறிந்து, உடனே கட்டடத்தினுள் புகுதல் வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் வெளிவருதல் ஆகாது. பெருவெளியில் குடையோடு நிற்பவன் மின்னலைத் தானே அழைப்பவனாவான்.

முற்காலத்தில் மழையைப் படம்பிடித்தல் இயலாததாகவே இருந்தது. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் 1857-ஆம் ஆண்டு டிசம்பரில் புறப்பட்டு, தஞ்சை, மதுரை முதலிய ஊர்களின் கோயில்களைப் படம் எடுத்தார். மெழுகூட்டிய காகிதத்தில் எடுத்த படங்கள் அவை. உருவம் பதிய நெடுநேரம் ஆகும் அம்முறையில் கற்கோயில் பதியும், மழைத்துளி பதியாது.

நியூசிலாந்து நாட்டவரான பிரையன் பிரேக் 1960-இல் நம் நாட்டு மழைக்காலத்தைப் படங்களாக எடுத்தார். மறு ஆண்டு அவை ‘லைஃப்’ இதழில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றன. அவற்றுள் ஒன்று, ஓர் இளம்பெண் முகத்தை ஏந்தி மழையை வரவேற்கும் படம். அப்பெண் பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் பெயர் பெற்ற அபர்ணா சென். அம்முகத்தில் வீழ்ந்ததோ மழையன்று. கொல்கத்தாவில் ஒரு மாடியில் அவர்மீது ஊற்றப்பட்ட நீர்! படம் அழகியதே, நாடகத்தில் மழை பெய்விப்பது போன்றது என்று கொண்டு நான் அதனைக் குறை கூறேன். ஆயின் மழையே துன்பமாக வந்த காலத்து எடுக்கும் படத்தில் இத்தகைய புனைவு சிறிதும் கலத்தல் ஆகாது.

2015-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரை கடந்தது. வடலூருக்கு அடுத்துள்ள நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடலூர் மாவட்டத்தில் பல உயிர்கள் மாண்டன. வீடும் வயலும் அழிந்தன. அத்தகைய நாளில் அழகு தேடிக் காமிராவோடு திரிதல் தகாது. வெள்ளத்தில் இறங்கி எடுத்தல் அறிவின்மை. அழுது நிற்பவர் முகத்தை அவர் இசைவின்றி எடுத்தலினும் கொடியது வேறில்லை. ஆயினும் நீர் வடிந்தபின் எடுக்கத்தக்க படம் ஒன்று உண்டு. சுவரில் வெள்ளம் விட்டுச்சென்ற சேற்றுக்கோடே அது. அதனருகே உயரம் தெரிந்த ஒரு கோலை நிறுத்தி எடுத்து, ஊரும் தெருவும் நாளும் எழுதி வைத்தல் வேண்டும். அடுத்து வீடு கட்டுவோர், தரையை எவ்வளவு உயர்த்துவது என்று அப்படத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.