நவரைக்கு முன் கிணற்று உப்பை அளந்து பாருங்கள்

பழவேற்காடு ஏரியின் மேற்குப் பக்கத்தில், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எளாவூர், ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் பகுதிகளில் கழனி வைத்திருப்பவர்களுக்கு நவரைப் பட்டம் ஒரு சூதாட்டம் போன்றது. மழை முடிந்து தை மாதத்தில் கிணறு நிறைந்திருக்கும்; தண்ணீரும் நன்றாயிருக்கும். அதை நம்பி நாற்று விட்டு நட்டு விடுகிறோம். மாசி கடைசியில் தண்ணீர் கரிக்கத் தொடங்குகிறது. பங்குனியில் கதிர் வெளிவரும் சமயம் இலை நுனி வெளுத்துக் காய்ந்து, கதிரில் பாதி பதராகிறது. உரமும் நடவுக் கூலியும் அதோடு போய்விடும்.

நெற்பயிர் உப்புக்கு மிகவும் அஞ்சுவது இரண்டு பருவங்களில். ஒன்று, நாற்றாக இருக்கும்போது, மற்றொன்று, பூக்கும்போது. இடையில் தூர் கட்டும் காலத்தில் ஓரளவு தாங்கிக் கொள்ளும். நவரையில் நாற்றுப் பருவம் நல்ல தண்ணீரில் கழிந்து விடுகிறது. பூக்கும் பருவம்தான் கிணறு கெட்ட நேரத்தில் வந்து மாட்டிக் கொள்கிறது. ஆகவே தையில் தண்ணீரைக் குடித்துப் பார்த்து முடிவு செய்வது சரியாகாது. போன வருடம் பங்குனி, சித்திரையில் அதே கிணறு எப்படி இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு வேண்டும். நாக்கு கணக்கு வைத்துக் கொள்ளாது.

ஒரு வாளிச் சோதனை

வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் பொருத்த வருகிறவர் சட்டைப் பையில் பேனா போல ஒரு கருவி வைத்திருப்பார். தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். டி.டி.எஸ். பேனா என்கிறார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீரில் உப்பு கூடக் கூட அதன் வழியே மின்சாரம் எளிதாகப் பாயும். அந்தப் பாய்ச்சலைத்தான் இது அளக்கிறது. வாங்கும்போது மைக்ரோ சைமன் அளவும் காட்டுகிற பேனாவாகப் பார்த்து வாங்குவது நல்லது. பி.பி.எம். மட்டும் காட்டும் பேனாக்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு கணக்கில் காட்டும், குழப்பம் வரும்.

பேனா சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீர் 10 லிட்டரில், ஈரமில்லாத பொடி உப்பு 10 கிராம் நிறுத்துப் போட்டுக் கரைக்கவும். பேனாவை முக்கினால் ஏறக்குறைய 2000 மைக்ரோ சைமன் காட்ட வேண்டும். மிகவும் தள்ளிக் காட்டினால் அந்தப் பேனாவை நம்ப வேண்டாம்.

அந்த வாளித் தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் உப்புதான். கரை ஊர்களில் உப்புத் தண்ணீர் குடித்துப் பழகியவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் நெல் குறையில்லாமல் விளையும் எல்லை ஏறத்தாழ அந்த வாளியோடு முடிகிறது.

உலக உணவு விவசாய நிறுவனம் பாசன நீரைப் பற்றி 1976-ல் வெளியிட்டு 1985-ல் திருத்திய நூலில் பயிர் வாரியாகக் கணக்குக் கொடுத்திருக்கிறது. நெல்லுக்குத் தண்ணீர் 2000 மைக்ரோ சைமன் வரை பழுதில்லை. 3400 ஆனால் விளைச்சலில் கால் பங்கு போகும். 4800-ல் பாதி போய்விடும். நிலக்கடலை 2100 வரை தாங்கும். அதன் பிறகு சரிவு வேகமாக இருக்கும். 2700-ல் கால் பங்கும், 3300-ல் பாதியும் நஷ்டம். அதே 3300-ல் காராமணி முழு விளைச்சல் தரும். வெங்காயத்துக்கு 800-க்கு மேலேயே ஆகாது, மிளகாய்க்கு 1000. வடிகால் ஓரளவு உள்ள நிலத்துக்குச் சொன்ன கணக்கு இது. தண்ணீர் தேங்குகிற களிமண் கழனியில் இன்னும் சீக்கிரம் பாதிப்பு வரும் என்று எடுத்துக் கொள்ளவும்.

நெல்லை விடக் கடலை உப்புத் தாங்கும் என்று நம் பக்கத்தில் சிலர் நினைப்பதுண்டு. மணற்பாங்கான நிலத்தில் கடலை நன்றாக வருவதால் வந்த எண்ணம் அது. தண்ணீர் 3000-ஐத் தொடும் கிணற்றை வைத்துக் கொண்டு கடலை போடுவதை விடக் காராமணி போடுவது மேல்.

உப்பை நாமே மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறோம் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டினால் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். 3400 காட்டும் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராமுக்குக் குறையாமல் உப்பு இருக்கும். ஆக, ஒவ்வோர் அங்குலத்துக்கும் 200 கிலோ. நவரை நெல்லுக்கு 40 அங்குலம் இறைத்தால் 8 டன். 50 கிலோ மூட்டையாகச் சொன்னால் 160 மூட்டை. கொஞ்சம் வடிந்தும் ஊறியும் போகும். மீதி கழனியிலேயே தங்கும்.

கிணறு கரிப்பது ஏன்?

கடலோரத்தில் பூமிக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து கொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் கனமானது. ஆகையால் கீழே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்று ஹாலந்து நாட்டுக் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் நூறாண்டுக்கு முன்பே கணக்கிட்டார்கள். இதை நாம் திருப்பிப் படிக்க வேண்டும். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஓர் அடி நிலையாக இறக்கினால், கீழிருந்து உப்பு நாளடைவில் 40 அடி ஏறி வரும்.

“தண்ணீர் கரிக்கிறது, இன்னும் 50 அடி இறக்கு” என்று போர் போடுகிறவரிடம் சொல்வது ஏரிக்கரையில் பல சமயம் காசு கொடுத்து உப்பை வாங்குவதாகும். ஆழம் குறைந்த கிணறு துரவுகள் இரண்டு வைத்து, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே இங்கு ஏற்றது.

இதற்குப் பெரிய உதாரணம் தெற்கே மீஞ்சூர். சென்னைக் குடிநீருக்காகவும் ஆலைகளுக்காகவும், கூடவே பாசனத்துக்காகவும் அங்கே நிலத்தடி நீர் ஏராளமாக இறைக்கப்பட்டது. கடல்நீர் உள்ளே வருவது 1969-லேயே கண்டறியப்பட்டது. அப்போது கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்தது. 1980-களில் 9 கிலோமீட்டர் அளவுக்குப் போயிற்று. நிலத்தடி நீரை எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987-ல் சட்டம் வந்தது. 2010-ல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு திறக்கப்பட்டது. நல்ல தண்ணீரை இறைத்து முடித்த இடத்தில் கடலைச் சுத்திகரித்துக் குடிக்கிறோம். நகரத்துக்கு அது கட்டுப்படியாகலாம்; நெல்லுக்கு அப்படித் தண்ணீர் வாங்கிப் பாய்ச்ச முடியாது.

நம் பக்கத்தில் ஏரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் பெருகி வரும்போது ஏரி நீரின் உப்பு குறையும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடி, தண்ணீரும் ஆவியாகி, சில இடங்களில் கடலை விடவும் அதிகம் கரிக்கும். ஏரியில் வலை போடும் குடும்பங்கள் இறால் வரத்தைப் பார்த்தே இந்த மாற்றத்தைச் சொல்லி விடுவார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் நிலம் இருக்கும் ஊர்களில், ஏரி கரிக்கத் தொடங்கிய நாளையும் கிணறு கரிக்கத் தொடங்கிய நாளையும் ஒரே நோட்டில் எழுதி வருவது பிரயோசனப்படும்.

ஜிப்சம் வாங்கும் முன்

மேலே வெள்ளை பூத்த நிலத்தைக் கண்டதும் ஜிப்சம் போடு என்று சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. இதில் காசு வீணாகிறது. உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். காய்ந்தால் மேலே வெண்மையாகப் படியும். மண் பொலபொலவென்று இருக்கும். இதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். ஜிப்சமும் ஒரு வகை உப்பே. அதைக் கொட்டி உவரைப் போக்க முடியாது. களர் நிலத்தில் சோடியம் மண்ணோடு ஒட்டிக் கொண்டிருக்கும். நனைந்தால் சேறாகிக் காய்ந்தால் கல்லாகும். மழைத் தண்ணீர் இறங்காமல் கலங்கி நிற்கும். அதற்குத்தான் ஜிப்சம்.

எது என்று மண் வள அட்டையைப் பார்த்தே தெரிந்து கொள்ளலாம். 2015-ல் தொடங்கிய திட்டத்தில் கொடுத்த அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். எல்லோரும் தழை, மணி, சாம்பல் சத்துக்களைப் பார்த்துவிட்டு மடித்து வைத்து விடுகிறார்கள். முதலில் இருக்கும் பி.ஹெச்., இ.சி. இரண்டையும் பாருங்கள். பி.ஹெச். 8.5-க்கு மேல் போனால் களர்த்தன்மை என்று சந்தேகிக்க வேண்டும். எவ்வளவு ஜிப்சம் தேவை என்று தனியே பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். பி.ஹெச். அதற்குக் கீழிருந்து இ.சி. மட்டும் ஏறியிருந்தால் அது உவர்.

இங்கே ஒரு விஷயம். இ.சி. 4-க்கு மேல் இருந்தால்தான் உவர் நிலம் என்று புத்தகத்தில் படித்தவர்கள், அட்டையில் 1.5 என்று பார்த்து நிம்மதியாக இருந்து விடுகிறார்கள். புத்தகத்தின் 4 என்பது மண்ணைச் சேறாகக் குழைத்துப் பிழிந்த நீரில் எடுத்தது. நம் பரிசோதனை நிலையங்களில் வழக்கமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி அளக்கிறார்கள். நீர்த்துப் போவதால் எண் குறைவாகத்தான் காட்டும். அட்டையில் 1-ஐத் தாண்டினாலே முளைப்பு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கடலைக்கு 40, 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுவது வேறு காரியம். அது காய் திரட்சிக்குச் சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் தருவதற்காக. அதை நிறுத்தி விட வேண்டாம்.

மழையைக் கொண்டு கழுவுதல்

உவரைக் கழுவ நமக்குக் கிடைக்கும் நல்ல தண்ணீர் ஐப்பசி, கார்த்திகை மழைதான். ஆண்டு மழையில் பாதியளவு இந்த வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. மழைக்கு முன்பே உழுது சமப்படுத்தி, கழனியைச் சிறு பாத்திகளாகத் தடுத்து வரப்பை உயர்த்த வேண்டும். தேங்கும் மழையை இரண்டு நாள் நிறுத்தி, பிறகு வடிகாலில் விட்டு, மறுபடி நிறுத்த வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்யலாம். வடிகால் கழனியை விடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். ஏரி நிறைந்து எதிர்த்து நிற்கும் நாட்களில் வடிகால் வாயை அடைத்துவிட்டு, ஏரி மட்டம் இறங்கியதும் திறக்க வேண்டும். தனி ஒருவர் செய்து முடிக்கக் கூடிய வேலையல்ல இது. கீழண்டைக் கழனிக்காரர் சம்மதிக்காவிட்டால் மேலண்டைக்காரரின் உப்பு எங்கும் போகாது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி நாகப்பட்டினத்துக் கழனிகளில் கடலைக் கொண்டுவந்து கொட்டியபோது, பல வருடங்களுக்குப் பயிர் வராது என்று பயந்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள், வடிகால்களைத் திறந்தார்கள். 2005-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்தது. வடிகால் சரியாக இருந்த இடங்களில் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் நெல் வந்தது.

அறுவடைக்குப் பின் கோடையில் கழனியை வெறுமனே காய விடுவதும் தவறு. வெயில் இழுக்கும் ஈரத்தோடு கீழ் உப்பு மேலே வந்து படியும். வைக்கோல் கழிவையாவது பரப்பி வைக்கவும்.

உப்புத் தாங்கும் நெல் ரகங்கள் உண்டு. கோவையிலிருந்து 1982-ல் வந்த கோ 43, திருச்சியிலிருந்து 1995-ல் வந்த திருச்சி 1, 2010-ல் வந்த திருச்சி 3 ஆகியவை. இவை 135 நாளும் அதற்கு மேலும் ஆகும் ரகங்கள், சம்பாவுக்கு ஏற்றவை. நவரையில் இவற்றைப் போட்டால் அறுவடை சித்திரை, வைகாசிக்குத் தள்ளிப் போய், கிணறு மிகவும் கெட்ட நேரத்தில் மாட்டிக் கொள்ளும். விதைக் கடையில் ‘உவர் தாங்கும்’ என்று சொன்னதும் வாங்கி விடாமல் வயதைக் கேளுங்கள்.

நோட்டுப் புத்தகம்

மாதம் ஒரு நாள், அமாவாசை என்று வைத்துக் கொண்டால் மறக்காது, மோட்டாரை அரை மணி ஓட விட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு முறை அலசிப் பிடித்து அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு வருடக் கணக்கு இருந்தால் நவரை நெல்லா, காராமணியா, தரிசா என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்யலாம்.

பக்கத்தில் இறால் குட்டை வந்தால் இந்த நோட்டுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. இறால் பண்ணைகளால் கிணறும் நிலமும் கெடுவதை எதிர்த்து, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பழவேற்காடு ஏரியிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று பெயர் சொல்லியே அதில் குறிப்பிட்டார்கள். பிறகு 2005-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பண்ணைகளைப் பதிவு செய்து முறைப்படுத்த ஆணையம் அமைத்தது. புகார் எழுதும்போது “கிணறு உப்பாகி விட்டது” என்பதோடு, குட்டை வெட்டும் முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று மாதவாரியாகக் காட்டினால் மனு கவனிக்கப்படும். குட்டை வந்த பிறகு அளக்கத் தொடங்கினால் முந்தைய கணக்குக்கு எங்கே போவது?

மண் மாதிரியும் கூடவே எடுக்கலாம். வரப்போரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம் தவிர்த்து, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ போல வெட்டி, அரை அடி ஆழம் வரை சீவி எடுத்து, நிழலில் உலர்த்திக் கலந்து அரைக் கிலோவாகக் குறைக்கவும். மேலே பூத்த வெண்படலத்தை அதில் சேர்க்காமல் தனிப் பொட்டலமாகக் கட்டவும். ஆனி, ஆடியில் மழைக்கு முன் எடுத்தால் உள்ளபடி தெரியும். வேளாண்மை விரிவாக்க மையத்திலோ மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ கொடுக்கலாம். தண்ணீர் பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்து, அவர்கள் சொல்லும் எண்ணை உங்கள் பேனா காட்டிய எண்ணோடு ஒத்துப் பாருங்கள். சந்தேகங்களுக்குத் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன.