எலைசா: நாடகத்திலும் கணிப்பொறியிலும்

1966-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து அறிஞர் ஜோசப் வைசன்பாம், மாந்தரோடு எழுத்தில் உரையாடும் கணிப்பொறி நிரல் ஒன்றைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அந்நிரலுக்கு அவர் சூட்டிய பெயர் ‘எலைசா’ என்பது. அது, பெர்னார்ட் ஷா இயற்றி 1913-இல் வியன்னா நகரில் முதன்முதல் மேடையேறிய ‘பிக்மேலியன்’ நாடகத் தலைவியின் பெயராகும். அவளைப் போன்றே இந்நிரலும் மேன்மேலும் நன்கு பேசப் பயிற்றத்தக்கது என்பதே பெயர்க்காரணம். இவ்வொப்புமை எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நாடகத்தில் எலைசா இலண்டன் தெருவில் பூ விற்பவள். அவளைச் சில திங்களில் கோமகளெனப் பேசவைப்பதாக ஒலிநூல் வல்லுநர் ஹிக்கின்ஸ் சூளுரைக்கிறார். மூன்றாம் அங்கத்தில், அவர்தம் தாயாரின் இல்லத்து விருந்தினர்முன் அவள் வருகிறாள். ஒலிப்பில் பிழையில்லை, பேசும் பொருளோ அத்தையின் சாவைப் பற்றிய தெருப்பேச்சு. விருந்தினர் திகைக்க, அது புதுப்பாணி உரையாடல் என்கிறார் ஹிக்கின்ஸ். விருந்தினருள் இளநங்கை ஒருத்தி அதனைப் பின்பற்றவும் முற்படுகிறாள். பேச்சில் இல்லாத நயத்தைக் கேட்டவரே அதற்கு ஊட்டினர் என்பது இக்காட்சியின் நுட்பமாகும்.

கணிப்பொறி எலைசா இவ்வங்கத்து எலைசாவே. ‘தாய்’ என்னும் சொல் வரின், குடும்பத்தைப் பற்றி மேலும் கூறுமாறு அது கேட்கும். ‘என்’ என்பதை ‘உம்’ என மாற்றி, கூறியதையே வினாவாகத் திருப்பும். தாய் யார் என்பதை அஃது அறியாது. எனினும், அது உருவானதைப் பல திங்கள் உடனிருந்து கண்ட செயலாளரே, அதனோடு தனித்து உரையாட விரும்பி, வைசன்பாமை அறையினின்று வெளியேறுமாறு கேட்டார். இதனால் கலக்கமுற்ற வைசன்பாம், கணிப்பொறியிடம் ஒப்படைக்கத் தகாத பணிகளும் உள என 1976-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

ஷாவின் நாடகமோ மூன்றாம் அங்கத்தில் முடியவில்லை. நான்காம் அங்கத்தில், இனித் தன் கதி யாதென அவள் வினவுகிறாள். ஐந்தாம் அங்கத்தில், பூக்காரிக்கும் உயர்குடி மகளுக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் நடக்கும் முறையில் இல்லை, பிறர் அவர்களை நடத்தும் முறையிலேயே உளது என்கிறாள். ஆசிரியரை எதிர்த்து நிற்கவும் துணிகிறாள். மதிப்புடன் நடத்தப்பட்டமையால் அவள் வளர்ந்தாள். நிரலோ எவ்வாறு நடத்தினும் வளரவில்லை. தன் கதியைப் பற்றிய வினாவும் அதனிடம் எழவில்லை.

2022 நவம்பரில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்த சாட்ஜிபிடி போல்வன, வகுத்த விதிகளால் அன்றி, பெருந்தொகையான உரைகளில் பெற்ற பயிற்சியால் பேசுகின்றன. அவற்றின் ஆற்றல் எலைசாவினும் மிகப் பெரிது. அவை பொருளுணர்கின்றனவா என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. ஆயினும், செம்மையான பேச்சைக் கேட்டதும் அதன்பின் ஓர் உள்ளத்தை ஊகிக்கும் விருந்தினர் இயல்பு நம்மிடம் மாறவில்லை. ஆதலின், இணையத்தில் நாள்தோறும் வரும் வியப்புச் செய்திகளை ஆராய்வோர், பேசும் பொறியை மட்டுமன்றிக் கேட்கும் தம்மையும் ஆராய்தல் வேண்டும். மூன்றாம் அங்கத்தை ஐந்தாம் அங்கமெனக் கொள்ளாமை நம் கடனாகும்.